எவனாவது எழுதி வச்சிருப்பான்

அந்த அண்ணனுடைய பெயரை எழுதப்போவதில்லை. மதுரையில் அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், சம்பந்தமில்லாதவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார், நான் அவரை அண்ணே என்றேன். உலகத்தில் மிச்சமிருந்த ஆண்கள் அத்தனை பேரும் அவருக்கு மாப்ள. டீ கொண்டுவருகிறவரும் மாப்ள, மீட்டர் பார்க்க வருகிறவரும் மாப்ள.

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் போகிற வழியில் ஓர் அத்தர் கடை. அதன் மாடியில்தான் எங்கள் அலுவலகம். வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் மதுரையில் கடை வைத்திருந்த எல்லோருக்கும் ஒரு வெப்சைட் தேவைப்பட்டது. எதற்கு என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் வைத்திருக்கிறார், அது போதும். எங்கள் முதலாளியை பாய் என்போம். அதற்கு முன்னால் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தவர். நான் டி. கல்லுப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். காலேஜில் கம்ப்யூட்டர் படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அண்ணன் எனக்கு சீனியர். எனக்கு முன்பே வந்து, ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியைப் பிடித்தவர் என்று அர்த்தம்.

வேலையில் சேர்ந்த அன்றைக்கே நான் ஒரு தப்புச் செய்தேன். சமயநல்லூர் உரக்கடை ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கிற பக்கம். பெயரை நிரப்பாமல் பட்டனை அமுக்கினால் 'பெயரை எழுதுங்கள்' என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் எதுவும் அசையவோ பேசவோ வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட் என்கிற மொழியில் எழுத வேண்டும். இதற்கு நாலு வரி போதும். எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் பின்னாலிருந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"என்ன தங்கச்சி பண்ற?"

"எழுதுறேண்ணே."

"அதான் எதுக்குங்கிறேன். இந்த ஒலகத்துல இம்புட்டுப் பேரு கம்ப்யூட்டர வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கானுக. எவனாவது எழுதி வச்சிருப்பான். தேடு."

மத்தியானம் வரைக்கும் அவரே தேடினார். ஜெர்மனியில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாகக் கொடுத்த லைப்ரரி ஒன்று கிடைத்தது. லைப்ரரி என்றால் நாம் போய்ப் படிக்கிற நூலகம் இல்லை. ஒருவர் எழுதியதை மற்றவர்களும் பயன்படுத்துகிற மாதிரி மூட்டை கட்டி வைத்தால் அதற்கு லைப்ரரி என்று பேர். நமக்கு வேண்டியது அதில் ஒரு பிடி இருக்கும், மூட்டையை முழுசாகத் தூக்கி வர வேண்டும். அந்த மூட்டையில் பெயர் நிரப்பியாயிற்றா என்று பார்க்கிற வேலையோடு, நிலா இன்றைக்கு வளர்பிறையா தேய்பிறையா என்று சொல்கிற வேலையும் இருந்தது. அண்ணன் பெருமையாக ஒட்டினார். மறுவாரம் உரக்கடைக்காரர் போன் செய்தார். பெயர் போடாமல் ஆர்டர் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஏதோ புரியாத பாஷையில் திட்டுகிறதாம், வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்கிறார்களாம். ஜெர்மன் வாக்கியத்தை மாற்ற அண்ணன் மறந்திருந்தார்.

"அது ஃபாரின் தரம் மாப்ள," என்று போனில் அவருக்குச் சமாதானம் சொன்னார். உரக்கடைக்காரரும் சரி என்று வைத்துவிட்டார்.

சேர்ப்பதில் அவருக்கு இருந்த தாராளம் எடுப்பதில் கிடையாது. ஒரு தடவை ஒட்டியதை அவர் அழித்து நான் பார்த்ததே இல்லை. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் செய்தோம். முதல் பக்கத்தைத் திறந்தால் மண்டபத்தின் மேல் பனி கொட்டும். எங்கிருந்தோ எடுத்த லைப்ரரியில், பக்கம் மாற அமுக்குகிற பட்டன் வரிசை, அந்த மெனு நன்றாக இருந்தது, அதோடு பனியும் சேர்ந்து வந்துவிட்டது. சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் ஊரில் பனி. மண்டபத்துக்காரர் நேரில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, பாக்கிறவுக எல்லாம் ஏசி மண்டபம்னு நெனச்சிக்கிட்டு வாராக. உள்ள வந்து ஃபேனப் பாத்துட்டு எங்கூட மல்லுக்கு நிக்கிறாக. அந்தப் பனிய எடுத்து விட்டுருங்க."

அண்ணன் எடுத்துப் பார்த்தார். பனி நின்றது, மெனுவும் நின்றது. திரும்பப் போட்டார். இரண்டும் வந்தன.

"எடுக்க முடியாது மாப்ள. பனிதான் பக்கத்தத் தாங்கிக்கிட்டு இருக்கு," என்றார். எனக்குத் தெரிந்து அந்த மண்டபத்துக்காரர் கடைசியில் ஏசி போட்டார். வெப்சைட்டைவிட அது செலவு குறைவு என்று பாய்தான் அவரிடம் பேசிச் சரிக்கட்டினார்.

இன்னொரு தரம் ஒரே பக்கத்தில் இரண்டு லைப்ரரிகள் மோதிக்கொண்டன. இரண்டும் ஒரே பெயரைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டிருந்தன, அதனால் ஒன்று ஓடினால் மற்றது ஓடாது. நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தப்பைக் கண்டுபிடித்து, இதில் ஒன்று நமக்குத் தேவையே இல்லை, தூக்கிவிடலாம் என்று சொல்லப் போனேன். அதற்குள் அண்ணன் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். மற்ற இரண்டும் சண்டை போடாமல் பார்த்துக்கொள்கிற லைப்ரரி.

"ரெண்டு பேரு அடிச்சிக்கிட்டா மூணாவதா ஒருத்தன் வந்து வெலக்கி விடணும்ல தங்கச்சி?"

அன்றைக்கு நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் கவலைப்படவில்லை. தன்னுடைய டிபனைத் திறந்து முள்ளுமுருங்கை வடையை என் பக்கம் தள்ளினார். அவர்கள் வீட்டில் சௌராஷ்டிரா பேசுவார்கள். அப்பாவும் சித்தப்பாக்களும் மகாலுக்குப் பின்னால் தறி வைத்திருந்தவர்கள். அந்த வீட்டுச் சமையலுக்கு முன்னால் என் கோபம் ஒரு நாளும் நின்றதில்லை.

வேலையில்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். ஆள் முழுக்கவே அப்படித்தான். ஓட்டலில் உட்கார்ந்தால் மெனு பார்க்க மாட்டார். பக்கத்து மேசையைக் காட்டி, "அந்த மாப்ள சாப்பிடுறதையே குடுங்க," என்பார். பைக் வாங்கவே இல்லை, ஆனால் நடந்தும் வந்ததில்லை. லீவு கேட்டு அவர் கொடுக்கிற கடிதம் அவருக்கு முன்னால் வேலை பார்த்தவர் கம்ப்யூட்டரில் விட்டுப்போனது. தேதியை மட்டும் மாற்றிக் கொடுப்பார். ஒரு நாள் பாய் அதைத் தற்செயலாகப் படித்துத் தொலைத்தார். அண்ணனை அவர் உருதுவில் மகனே என்றுதான் கூப்பிடுவார்.

"பேட்டா, பெரியகுளத்துல ஒனக்கு ஏதுப்பா தாத்தா?"

"எனக்கு இல்ல பாய். லெட்டர்ல இருந்துச்சு."

"அவரு வருசம் பூரா செத்துக்கிட்டே இருக்காரேப்பா."

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சொல்ல வேண்டும். எடுத்துக்கொள்ளத் தயங்காத அந்த மனிதர் கொடுக்கவும் தயங்கியதில்லை. அவருடைய குடை, பேனா, சம்பளம் எல்லாமே பொதுச் சொத்து மாதிரிதான் கிடந்தன. ஒரு நாள் திடீரென்று பஸ் ஓடவில்லை என்றதும், யாருடையதோ பைக்கில், யாருடையதோ பெட்ரோலில் என்னைக் கல்லுப்பட்டி வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, எங்கள் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு அவரைப் பிடிக்கும். பிடித்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அவருக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா சுங்குடிச் சேலை வியாபாரி. தெற்குவாசல் பக்கம் வீடு, கீழே கடை. பெண் பி.காம். படித்துவிட்டு அப்பாவோடு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. அண்ணன் பெண்ணை ஒரு தடவை கோயிலில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு முழுக்க ஒரு பக்கத்தையும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தார். இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் சொல்லியும்விட்டார். ஒரு சிக்கல்தான் பாக்கி. மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் அப்படி என்ன செய்கிறார் என்று பெண்ணின் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. துணியில் ஒவ்வொரு புள்ளியையும் நூலால் முடிந்து சாயத்தில் முக்கி எடுக்கிற தொழிலில் இருந்தவர் அவர். கையில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆளை மதிப்பார்.

"நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் பண்ணிட்டு வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுலயே பாத்துருவோம். பொண்ணும் பாக்கட்டும்," என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணன் ராப்பகலாக உழைத்தார். அதில் சந்தேகமில்லை. எவனெவனோ எழுதியதை எல்லாம் தேடித் தேடிக் கொண்டுவந்தார். சேலை விரிய ஒரு லைப்ரரி, சேலை சுருள ஒரு லைப்ரரி, விரிவதும் சுருள்வதும் முட்டிக்கொள்ளாமலிருக்க ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, மவுஸை நகர்த்தினால் அதன் பின்னாலேயே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் ஓடிவரும். "சுங்குடிப் புள்ளி தங்கச்சி. மாமனாரு இதுலயே விழுந்துருவாரு," என்றார்.

அந்தப் புள்ளிக்கான ஃபைலை அவர் எங்கள் இடத்தில் இறக்கிக்கூட வைத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டில் அதை எழுதியவருடைய தளத்திலிருந்தே நேராக ஓடும்படி இணைப்புக் கொடுத்திருந்தார். நாங்கள் செய்த வேறு சில தளங்களிலும் பல மாதமாக அது அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்த ஆளுடைய கம்ப்யூட்டர்தான் அதை அனுப்ப வேண்டும்.

"அண்ணே, அவரு அந்த ஃபைல மாத்திட்டா நம்ம பக்கமும் மாறிரும். எறக்கி நம்மகிட்ட வச்சுக்கிருவோம்."

"அவன்கிட்டயே இருக்கட்டும். அவன் நல்லாப் பண்ணுனா நமக்கும் நல்லா ஆயிரும்ல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்ட ஆள் வேண்டுமாம். கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெப்சைட், இன்டர்நெட் என்ற சொற்கள் மட்டும் புரிந்தன. டெலிபோன் லைனில் இன்டர்நெட் வரும் காலம் அது. பக்கம் திறக்க ஆரம்பித்தபோது காபி வந்தது. காபி குடித்து முடித்தோம், பக்கம் இன்னும் திறந்துகொண்டிருந்தது. அண்ணனின் சித்தப்பா, நல்ல சரக்கு என்றால் மெதுவாகத்தான் வரும் என்று எனக்குப் புரியட்டும் என்று தமிழில் சொன்னார்.

ஒருவழியாகத் திறந்தது. சேலை விரிந்தது, சுருண்டது, பறந்து மூலைக்குப் போனது. பெரியவர்கள் வாயைப் பிளந்தார்கள். பெண்ணின் அப்பா முகத்தில் சிரிப்பு வந்தது. அண்ணன் எழுந்து நின்று, "மாமா, நீங்களே மவுஸப் புடிங்க," என்றார்.

அவர் பிடித்தார். அசைத்தார். புள்ளி வரவில்லை. திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. அதற்குள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: 'இந்தத் தளத்துக்காரர் என் வேலையை என்னைக் கேட்காமல் என் செலவில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பல தடவை மெயில் அனுப்பியும் பதில் இல்லை. ஐயா, தயவுசெய்து சொந்தமாக ஏதாவது எழுதுங்கள்.'

அந்த வெளிநாட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புள்ளி ஃபைலை எடுத்துவிட்டு அதே பெயரில் இதை வைத்துவிட்டார். ஓகே அமுக்கினால் பெட்டி போகும். ஆனால் புள்ளி என்பது மவுஸ் அசையும்போதெல்லாம் வரவேண்டியது. ஆகவே பெட்டியும் மவுஸ் அசையும்போதெல்லாம் வந்தது. பெண்ணின் அப்பா அமுக்குகிறார், கை அசைகிறது, மறுபடியும் 'ஐயா, தயவுசெய்து'. அமுக்குகிறார், மறுபடியும் 'ஐயா'.

"வைரஸ் மாமா," என்றார் அண்ணன்.

பெண் அதுவரை கதவோரத்தில் நின்றது. முன்னால் வந்து திரையில் இருந்ததை முழுசாகப் படித்தது. அப்பாவுக்கு அவர்கள் பாஷையில் சொன்னது. பிறகு அண்ணனைப் பார்த்துத் தமிழில் கேட்டது.

"பல தடவ மெயில் போட்டாராமே. நீங்க பாக்கலையா?"

"வெளம்பரம்னு நெனச்சேன்."

"சரி. இதுல நீங்க எழுதுனது எது?"

அண்ணன் திரையைப் பார்த்தார். ஏமாற்றப் பார்க்கவில்லை, உண்மையிலேயே தேடினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கடைசியில், "கடை பேரு," என்றார். அதையும் நான்தான் டைப் செய்திருந்தேன். பெண்ணின் அப்பா எழுந்துபோய் டெலிபோன் வயரைப் பிடுங்கினார். கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பி வரும்போது அண்ணன் யாரையும் மாப்ள என்று கூப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு போன். பாய் எடுத்தார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "பேட்டா, ஒனக்குத்தான். பொண்ணு," என்றார். அண்ணன் எழுந்து நின்றுகொண்டு கேட்டார். பெண் சொன்னது இவ்வளவுதான்: ஒரே ஒரு பக்கம். ஒரு சேலைப் படம், அதன் விலை, பார்சல் செலவு. பட்டனை அமுக்கினால் மொத்தம் எவ்வளவு என்று வர வேண்டும். பறக்க வேண்டாம், சுருள வேண்டாம். யாரிடமிருந்தும் எடுக்காமல் நீங்களே எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகு அப்பாவிடம் நான் பேசுகிறேன், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் போனை வைத்தார். என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒனக்கு இது அஞ்சு நிமிச வேலதான..."

"கல்யாணம் ஒங்களுக்காண்ணே, எனக்கா?"

அதற்குமேல் கேட்கவில்லை. முதலில் அந்த வெளிநாட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் எழுத உட்கார்ந்தார். மன்னிப்புக் கடித மாதிரிகளைத் தேடப்போன கையைத் தானே இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கோணல்மாணலான ஆங்கிலத்தில் அவரே எழுதினார். அப்புறம் அந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்தார். அடடா, என்ன பாடு. ஒரு வரி எழுதுவார், எழுந்து போய் ஜன்னலில் நின்று தர்காப் பக்கம் பார்ப்பார், வந்து அதை அழிப்பார். சாப்பிட மறந்தார். நான் எட்டிப் பார்த்தால் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, "பாக்காத தங்கச்சி, முடியட்டும்," என்பார். தன்னிடம் இருந்ததை எல்லாம் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்த மனிதர் அந்த ஒரு பக்கத்தைப் பரீட்சைப் பேப்பர் மாதிரி பொத்திக்கொண்டார். பாய் படியேறி வரும்போதெல்லாம் ஜாடையில் என்னிடம் கேட்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

ஒரு நாள் மத்தியானம் மெயிலில் அனுப்பிவிட்டார். பட்டனை அமுக்கினால் ஏதோ வருகிறதா என்று பார்த்தாராம். வந்ததாம். என்ன வந்தது என்று நின்று பார்க்கிற நிதானம் அவருக்கு இல்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. நான் எடுத்தேன். பெண்தான்.

"அக்கா, அவரு அனுப்புனதப் பாத்தேன். சேல நானூத்தம்பது ரூவா. பார்சல் அம்பது ரூவா. பட்டன அமுக்குனா மொத்தம் நாப்பத்தஞ்சாயிரத்து அம்பதுன்னு காட்டுது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் இவை எண்கள் என்று நாம் எடுத்துச் சொல்லாவிட்டால், அது கூட்டாது. 450-ஐயும் 50-ஐயும் எழுத்து என்று நினைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிவிடும். 45050. இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. அண்ணனுக்கு அது இத்தனை வருடம் கழித்து வந்திருந்தது. ஆசை ஆசையாகச் செய்தாரே, பாவம்.

"இல்லம்மா, அது சின்னத் தப்புத்தான். அவருக்கு எழுதிப் பழக்கமில்ல. நான் இப்பவே பாத்து சரி பண்ணி..."

"ஐயோ, நீங்க ஒண்ணும் பண்ணிறாதீக," என்றது பெண். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. "சரியா வந்திருந்தா நீங்க எழுதிக் குடுத்ததுன்னு நெனச்சு வேணாம்னு விட்டிருப்பேன்க்கா. இது அவரேதான் எழுதியிருக்காரு. அப்பாகிட்டச் சொல்லிட்டேன், நாள் பாக்கச் சொல்லி."